மூன்றாவது கூப்பாட்டுக்கு வந்த பதில்

மூன்றாவது கூப்பாட்டுக்குப் பதில் வந்தது.

வரக் கூடாது. மாலை ஐந்து மணிக்குப் படகுத்துறையைப் பூட்டுவதற்கு முன் தீப் பாதுகாப்பு அதிகாரி ஒலிபெருக்கியில் மூன்று முறை கூப்பிட வேண்டும் என்பது விதி. அதற்கு எவரும் வாய் திறக்காமல் இருப்பது வழக்கம். பனிக்காலத்தில் அங்கே யார் இருக்கப்போகிறார்கள்? உல்லாசப் படகுகள் நாற்பதும் தார்ப்பாயைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு உறங்கும். கடற்காக்கைகள்கூட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

அதிகாரியை எல்லோரும் சங்கு என்றுதான் சொல்வார்கள். ஆலையில் ஊதுகிற சங்கு. வீட்டில் அவர் உப்புக் கேட்டால் பக்கத்து வீட்டில் உப்பு ஜாடியை எடுத்து நீட்டுவார்கள். ஒருமுறை அவர் தும்மிய தும்மலில் படகு ஒன்று கட்டை அவிழ்த்துக்கொண்டு தானாகவே கடலுக்கு ஓடிவிட்டதாகப் பேச்சு. படகுக்காரர்கள் பொய் பேசமாட்டார்கள், கொஞ்சம் நீட்டுவார்கள், அவ்வளவுதான்.

இன்றைக்கு முதல் கூப்பாட்டுக்கு வாக்கி டாக்கியில் பதில் சொன்னது அவருடைய மகள். படகு என்ஜின் மெக்கானிக். மூன்றாம் மிதவைப் பாலத்தின் கோடியில், பதினாறாம் கட்டத்தில் நிற்கும் வெள்ளைப் படகின் வயிற்றுக்குள் தலைகீழாகக் கிடந்து டீசல் பம்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, நான் இருக்கேன், இருக்கேன். பத்து நிமிஷம். மைக்க அணைங்க, காதுல இருந்து ரத்தம் வருது.”

“விதின்னா விதிதான் பாப்பா. இன்னும் ரெண்டு தடவை கூப்பிடணும்.”

“கூப்பிடுங்க. பரலோகத்துல இருக்கிறவங்களும் எழுந்து வரட்டும்.”

சிரித்துக்கொண்டே இரண்டாம் முறை கூப்பிட்டார். “யாராவது இருக்கீங்களா?” குரல் பாலங்களின் மேல் உருண்டு, பாய்மரக் கம்பங்களில் மோதி, தண்ணீரைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தது. ஒரு நிமிடம் காத்திருந்தார். மூன்றாம் முறை கூப்பிட்டார்.

டொக்.

நிதானமாக ஒரு இடைவெளி. டொக். அதே இடைவெளி. டொக்.

படகின் உடம்பை உள்ளேயிருந்து விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். அவர் விட்டுவிட்டுக் கூப்பிட்டாரே, அந்தக் கணக்கிலேயே தட்டியது.

“பாப்பா, நீயா தட்டினே?”

“என் ரெண்டு கையும் பம்புக்குள்ள இருக்கு. நீங்க போட்ட சத்தத்துல எந்தப் படகுக்காவது நெஞ்சுவலி வந்திருக்கும். போய்ப் பாருங்க.”

வாசல் பலகையைப் பார்த்தார். மிதவைப் பாலத்துக்கு இறங்குகிற எவரும் தன் எண் போட்ட பித்தளை டோக்கனை அந்தப் பலகையில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும், ஏறி வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையில் டோக்கன் இருந்தால் கீழே ஆள் இருக்கிறது. இப்போது தொங்குவது ஒன்றே ஒன்று, மகளுடையது.

அந்தப் பலகையை நம்பித்தான் துறையின் உயிரே இருந்தது. ஃபைபர் படகு ஒன்று பற்றிக்கொண்டால் வைக்கோல் போர் அதனிடம் பாடம் படிக்க வேண்டும். பக்கத்துப் படகு பிடிக்க ஏழு நிமிடம், பாலம் முழுவதும் பிடிக்க அரை மணி. அதனால் துறையில் ஒரு நடைமுறை வைத்திருந்தார்கள். புகை கண்டதும் முதலில் பலகையைப் பார். படகில் ஆள் இருந்தால் உயிரைக் கொடுத்து ஆளை எடு. ஆள் இல்லையென்றால் வீரம் காட்டாதே. கோடாலியால் கட்டுக்கயிறுகளை வெட்டு, இழுவைப் படகில் மாட்டு, நடு நீருக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடு. அங்கே அது எரிந்து தீரட்டும்.

நல்ல முறை. பலகை பொய் சொல்லாத வரைக்கும்.

கோட்டை மாட்டிக்கொண்டு, அலுவலகக் கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

பனி தண்ணீரிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தது. இருட்ட இன்னும் நேரமிருந்தும் வானம் கழுவாத பாத்திரம் போல மங்கிவிட்டிருக்க, பாலத்தின் பலகைகள் அவருடைய கனத்துக்கு ஒவ்வொன்றாக முனகிக்கொண்டே கீழே போய் மேலே வர, டீசலும் பாசியும் ஈரக் கயிறும் கலந்த வழக்கமான நாற்றத்துக்கு நடுவே வேறொரு வாசனை ஒரு நூல் போல ஓடி வந்து மூக்கில் மாட்டிக்கொண்டது. இனிப்பான, தொண்டையைக் காறுகிற வாசனை. வார்னிஷ்.

பனிக்காலத்தில் யாரும் வார்னிஷ் அடிப்பதில்லை. காயாது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கோடையில் ஒருவர் அடித்தார். பெருமழை நாள் அது. பதினேழாம் கட்டத்து மரப்படகின் அறைக்குள் காதுக்கு மூடி போட்டுக்கொண்டு, இழைப்பு மெஷினை ஓட்டிக்கொண்டு, வார்னிஷ்காரர் வேலை பார்த்தார். சங்கு அலுவலகத்துக்குள் நின்றபடியே மூன்று முறை கூப்பிட்டார். மைக் போடவில்லை. தன் குரலுக்கு மைக் எதற்கு என்ற நினைப்பு. பதில் இல்லை. பலகையில் வார்னிஷ்காரரின் நாலாம் எண் டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது. டோக்கன் மிச்சமிருந்தால் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் விதிதான். ஆனால் மழை மழையாகவா பெய்தது? வானத்தைக் கிழித்துக் கவிழ்த்த மாதிரி பெய்தது. எடுக்க மறந்துவிட்டுப் போயிருப்பார் என்று டோக்கனைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நாற்பது நிமிடம் கழித்துப் பதினேழில் புகை. பலகை சுத்தமாக இருந்தது. இழுவைப் படகுக்காரர் கேட்டார், உள்ளே யாரும் இல்லையே சார்? இல்லை, என்று இவர்தான் சொன்னார். கோடாலியைப் பிடித்ததும் இவர் கைதான்.

விசாரணையில் எழுதிக்கொண்டார்கள்: இறந்தவர் டோக்கன் மாட்டாமல் படகில் ஏறியிருக்கிறார். அந்த டோக்கன் அன்றிரவே இவர் சட்டைப்பையிலிருந்து பதினேழாம் கட்டத்துத் தண்ணீருக்குள் போய்விட்டது. வார்னிஷ்காரரின் மனைவி ஒரு நாள் வந்து வாசலில் நின்றாள். “அவர் மாட்டாம இறங்கவே மாட்டாரே சார். அவ்வளவு பயந்தவரு.” இவர் சொன்னார், “மறந்திருப்பாரும்மா.”

அதற்குப் பிறகு ஒரு நாள் தவறியதில்லை. தினமும் மைக் போட்டு, மூன்று முறை, முழுத் தொண்டையில். எழுநூறு மாலைகள். கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

பதினேழாம் கட்டம் அன்றிலிருந்து காலி. சதுரமாகக் கொஞ்சம் கறுப்புத் தண்ணீர், ஒரு மின்கம்பம், கயிறு கட்டுகிற இரும்புக் கொம்பு இரண்டு. சங்கு அங்கே வந்து நின்றார்.

இரும்புக் கொம்பில் கயிறு கட்டியிருந்தது.

புதுக் கயிறு. முறையாக எட்டு வடிவத்தில் சுற்றி, முனையை அழகாகச் சுருட்டி வைத்திருந்தார்கள். மறுமுனை நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது. தளர்வாக இல்லை. கீழே பத்து டன் கனம் ஒன்று மெல்ல மூச்சு விடுவது போல அது இறுகியது, நெகிழ்ந்தது, மறுபடியும் இறுகியது. மின்கம்பத்திலிருந்து ஒரு கேபிளும் போயிற்று. அதுவும் தண்ணீருக்குள்தான். குனிந்து தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது, மனிதரின் கை மாதிரி.

காலுக்குக் கீழே, பலகைக்கு அடியில், டொக்.

சங்கு பின்னால் சாய்ந்து உட்கார்ந்தே விட்டார். ஐம்பத்தெட்டு வயதில் அப்படி ஒரு வேகம் அவருக்கே தெரியாது. வாக்கி டாக்கியை எடுத்தார்.

“பாப்பா. வேலையப் போட்டுட்டு வெளிய வா. இப்பவே.”

இரைச்சல். பிறகு அவளுடைய குரல், சலிப்பும் செல்லமுமாக: “எத்தனை தடவைப்பா சொல்வீங்க? வரேன்னு சொல்லிட்டேன்ல.”

“இப்பத்தானே சொல்றேன்!”

“சரி சரி. பாலம் வழுக்குது, அதுல வர வேண்டாம், புரிஞ்சுது. ஆமையண்ணன் படகு இதோ வந்திடுச்சு. நீங்க ஆபீஸ்லயே இருங்க.”

பாலம் வழுக்குது என்று அவர் சொல்லவில்லை. ஆமை என்று பட்டப்பெயர் வாங்கிய இழுவைப் படகுக்காரரை அவர் கூப்பிடவில்லை. பொத்தானை அழுத்தினார். “பாப்பா, அது நான் இல்ல. கேக்குதா? நான் இல்ல!” அழுத்தினால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை. கேட்க மட்டும் முடிகிறது, பேச முடியவில்லை.

அப்போது தலைக்கு மேலே, துறை முழுவதும் அதிர, ஒலிபெருக்கி இருமிக்கொண்டு உயிர் பெற்றது.

“யாராவது இருக்கீங்களா?”

அவருடைய குரல். ‘யாராவது’ என்பதில் ‘ரா’வைக் கொஞ்சம் இழுப்பாரே, அந்த இழுப்பு உட்பட.

திரும்பிப் பார்த்தார். பனிக்கு அப்பால் அலுவலக ஜன்னலில் விளக்கு எரிந்தது. அவர் பூட்டிய அலுவலகம். சாவி அவர் பையில். ஜன்னலில் ஆரஞ்சுக் கோட்டுப் போட்ட ஒருவர் மைக்குக்கு முன்னால் குனிந்திருந்தார். தொப்பை தெரிந்தது. இடது தோள் சற்றுத் தாழ்ந்திருந்தது, அவருக்குத் தாழ்ந்திருப்பது போலவே.

“இருக்கேன்!” என்று கத்தினார். ஊரை எழுப்புகிற தொண்டை. வந்தது காற்று. வெறும் காற்று. கொட்டாவி விட்டாற்போல.

மகள். மகளிடம் போக வேண்டும். வேறு எந்த யோசனையும் ஓடவில்லை. பதினாறாம் கட்டம் பக்கத்திலேயேதான். வெள்ளைப் படகின் அறைக்குள் அவளுடைய வேலை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஏதோ அசைந்தது. ஸ்பானர் இரும்பில் படுகிற சத்தம். அவள்தான். இன்னும் ஏறவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

“யாராவது இருக்கீங்களா?” இரண்டு.

படகின் பக்கவாட்டைத் தாண்டிக் குதித்தார். அறைக் கதவைத் திறந்து நான்கு படி இறங்கினார். என்ஜின் மூடி திறந்திருந்தது. விளக்கு கொக்கியில் ஆடியது. கருவிப் பெட்டி. எண்ணெய்த் துணி. படகின் ஆட்டத்துக்கு இப்படியும் அப்படியும் உருண்டு இரும்பில் தட்டுகிற ஒரு ஸ்பானர்.

ஆள் இல்லை.

அவள் போய்விட்டாள். பத்திரமாகப் போய்விட்டாள். அந்த ஒரு கணம் அவருக்கு உடம்பெல்லாம் ஆறிப்போயிற்று.

மேலே கதவு சாத்திக்கொண்டது.

தள்ளினார். தோளால் மோதினார். கதவு அசையவில்லை. மரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே பொன்னிறமாக, கெட்டியாக, பளபளவென்று ஏதோ வழிந்து இறுகியிருந்தது. வாசனை. தொண்டையைக் காறும் வாசனை.

“யாராவது இருக்கீங்களா?” மூன்று.

அறையைச் சுற்றிப் பார்த்தார். தீயணைப்பான். எல்லாப் படகிலும் படிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்க வேண்டும், அவரே மாதா மாதம் எடை பார்த்துச் சீட்டு ஒட்டுவார். எடுத்தார். ஊசியைப் பிடுங்கினார். அழுத்தினார். தண்ணீர் வந்தது. கறுப்புத் தண்ணீர், ஒரு கரண்டி. பிறகு அதுவும் இல்லை.

பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பொறி. சின்னது. குழந்தை கண் சிமிட்டுவது போல. அப்புறம் மெல்லப் புகை.

வாக்கி டாக்கி பேசியது.

“சங்கு சார், பதினாறுல புகை தெரியுது.” ஆமை.

“பாத்துட்டேன்.” சங்கின் குரல். நிதானமாக. “பாலத்துலதான் நிக்கிறேன். படகத் திருப்பு. கயிறு வெட்டினதும் இழு.”

“அப்பா! என் டூல்ஸ் எல்லாம் உள்ள இருக்கு!” மகள். கரையில் இறங்கி, மூச்சு வாங்கப் பாலத்தில் ஓடி வருகிறாள்.

“போனா போகுது பாப்பா. உயிர் பெரிசு.”

மேல்படியில் முழங்காலிட்டுச் சங்கு கதவைக் குத்தினார். கை கிழிந்தது. குத்தினார்.

“அப்பா, உள்ள ஏதோ தட்டுற மாதிரி இருக்கே?”

“சூட்டுல பலகை வெடிக்குது.”

“நான் வெளிய வந்துட்டேன். நீங்க இங்க இருக்கீங்க. வேற யாரும் இறங்கலையே? நல்லாப் பாத்தீங்களா?”

நல்ல கேள்வி. அவர் கற்றுக்கொடுத்த கேள்வி. வெட்டுவதற்கு முன் கேள், யாராயிருந்தாலும் கேள், அப்பனாயிருந்தாலும் கேள் என்று ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். சங்கு படிகளின் மேல் குப்புறப் படுத்து, வாயைக் கதவிடுக்கில் வைத்து, நெஞ்சில் இருந்த அத்தனை காற்றையும் திரட்டினார்.

பாப்பா.

சத்தமே இல்லை.

“மூணு தடவை கூப்பிட்டேன்,” என்றது குரல். “யாரும் இல்ல. வெட்டு.”

கோடாலி. ஒரே போடு. முன்கயிறு போயிற்று. அவள் எப்போதும் ஒரே போடாகத்தான் வெட்டுவாள், பயிற்சி நாட்களில் ஆண்பிள்ளைகள் மூன்று போடு போடுவார்கள். பின்கயிறு. படகு மெல்ல, பாரம் இறங்கினாற்போல ஒரு பெருமூச்சு விட்டு, பாலத்தை விட்டு விலகியது. இழுவைப் படகின் என்ஜின் உறுமியது.

புகை இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. நெருப்பு பேசத் தொடங்கியிருந்தது. பின்புறம் கையகலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி. தவழ்ந்து போய் அதில் முகத்தை வைத்தார். கண்ணாடி இன்னும் குளிர்ந்திருந்தது. ஓங்கிக் குத்தினார். பெரும் புயலுக்குச் செய்த கண்ணாடி. உடையாது.

பாலம் விலகிக்கொண்டே போனது. அவள் கோடாலியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். முகத்தில் நெருப்பின் வெளிச்சம். அழுகிறாள். கருவிப் பெட்டிக்காக அழுகிறாள், அசடு.

அவளுக்குப் பக்கத்தில் அவர் நின்றார்.

அதே கோட்டு. அதே தொப்பை. கன்னத்தில் அதே மச்சம். அது அவள் தோளைச் சுற்றிக் கை போட்டது. விரல் நுனிகள் பளபளத்தன. “அழாத பாப்பா,” என்றது வாக்கி டாக்கி அவர் கையிலிருந்து. “வீட்டுக்குப் போலாம். அம்மா காத்துக்கிட்டிருப்பா.”

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதன் கோட்டுக் கையைத் தொட்டவள் குனிந்து பார்த்தாள். “என்னப்பா, இப்படி நனைஞ்சிருக்கீங்க?” என்றாள். கோடாலியைக் கீழே வைத்தாள். கோட்டின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, துணி பிழிவது போல, பரிவோடு பிழியத் தொடங்கினாள்.

தண்ணீர் வந்தது. கறுப்பாக வந்தது. பிழிந்தாள். வந்தது. நிற்கவில்லை. பலகை நனைந்து, அவள் கால் நனைந்து, பாலத்தின் விளிம்பில் அருவியாக வழிந்தது. அவள் தலை நிமிராமல் பிழிந்துகொண்டேயிருந்தாள். அது அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே, நேராக, வட்டக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.